பழைய டேபிள் சாவைப் பழுது பார்க்கும் முன்

வளைகுடாவில் அலமாரி, சைக்கிள், ஃபிரிட்ஜ் எல்லாமே கைமாறிக்கொண்டே இருக்கும். ஒரு குடும்பம் ஊருக்குக் கிளம்பினால் இன்னொரு குடும்பம் வாங்கிக்கொள்ளும். எங்கள் வீட்டு டேபிள் சாவும் அப்படித்தான் ஷார்ஜாவுக்கு வந்தது. பத்து அங்குல பிளேடு, வார்ப்பிரும்பு மேல்தட்டு, பெல்ட்டில் ஓடும் மோட்டார். அமெரிக்கத் தயாரிப்பு. சவூதியில் வேலை பார்த்துவிட்டு இங்கே மாறி வந்த ஒருவர் விற்றுவிட்டுப் போனார். எப்படியும் 25 வயசு இருக்கும் அதற்கு.

"அப்பா, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமே?" என்றாள் 14 வயது மகள்.

நியாயமான கேள்விதான். ஆனால் வார்ப்பிரும்புத் தட்டு லேசில் தேயாது. பழைய மெஷினில் கெட்டுப்போவது பெரும்பாலும் பேரிங், பெல்ட், கப்பாசிட்டர், ஸ்விட்ச் மாதிரி கடையில் கிடைக்கிற சாமான்கள். பழசு என்பதற்காக மட்டும் கழித்துவிட வேண்டியதில்லை. துருவைத் தேய்க்க உட்காருவதற்கு முன் வேறொன்றைப் பார்க்க வேண்டும். பிளேடுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

பின்பக்கப் பற்கள்

முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழே அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேலே எழும்பும். அறுபட்ட மரம் மூடிக்கொண்டாலோ, கொஞ்சம் கோணினாலோ, பின்பற்கள் அதைக் கவ்வி நம்மை நோக்கி வீசிவிடும். கிக்பேக் என்பது இதுதான். மரத்தோடு சேர்ந்து கையும் பிளேடு பக்கம் இழுபடலாம். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சா பிளேடு பட்டு அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டிருக்கிறது.

இதைத் தடுக்க ரைவிங் நைஃப் என்ற மெல்லிய தகடு உண்டு. பிளேடை ஒட்டிப் பின்னால் நின்று, அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். அறுபட்ட மரம் மூடாமல் பார்த்துக்கொள்ளும். 2000களின் கடைசி வரை பெரும்பாலான அமெரிக்க மெஷின்களில் இது கிடையாது. கவசத்தோடு சேர்ந்த ஸ்பிளிட்டர் மட்டும் இருக்கும். தொந்தரவு என்று அதையும் கழற்றி எங்கேயோ போட்டிருப்பார்கள். நான் வாங்கியதிலும் இல்லை. ஆகவே முதல் வேலை, ஸ்பிளிட்டர் வைத்த புது இன்செர்ட் தட்டு ஒன்றை அளவெடுத்துப் பொருத்தியது.

விரல் பட்டதும் பிளேடை நிறுத்தும் சாஸ்டாப் பற்றிப் பலரும் கேட்பார்கள். ஸ்டீஃபன் காஸ் என்ற அமெரிக்கர் 1999இல் உருவாக்கியது. தோல் பட்டவுடன் அலுமினியக் கட்டை ஒன்று பற்களுக்குள் பாய்ந்து 5 மில்லிசெகண்டுக்குள் பிளேடை நிறுத்திவிடும். நல்ல விஷயம்தான், ஆனால் மெஷினோடு சேர்த்தே செய்தது. பழையதில் கொண்டுவந்து மாட்ட முடியாது.

கரண்ட் ஒரே கரண்ட் இல்லை

சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமானில் 50. அங்கே நிமிஷத்துக்கு 3,450 சுற்று ஓடிய இண்டக்‌ஷன் மோட்டார் இங்கே சுமார் 2,875தான் ஓடும். வேகம் குறைவது மட்டுமில்லை, அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே இந்த ஊர்க் கரண்டுக்கு ஏற்ற மோட்டார் போடுவதே நல்லது. கார்பன் பிரஷ் வைத்த சின்ன மெஷின்களுக்கு ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை. வோல்ட்டேஜ் சரியாக இருந்தால் போதும்.

மோட்டார் முனகிவிட்டு ஓடாமல் நின்றால் கப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். கோடையில் ஏசிக்காரர் வந்து மாற்றிவிட்டுப் போகிறாரே, அதே உருளைதான். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும் என்பதால் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது தானாக ஓடாத மேக்னடிக் ஸ்விட்சையும் அப்போதே போட்டுவிடலாம்.

நேராக இருக்கிறதா?

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: "மெஷினு பழசா இருந்தா ஒண்ணுமில்ல தம்பி. வாளு நேரா நிக்கணும், அவ்வளவுதான்."

சோதிப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்குங்கள். பிளேடின் ஒரு பல்லில் பேனாவால் குறி போடுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது, தட்டிலுள்ள மைட்டர் காடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளங்கள். பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி அளங்கள். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. கூடினால் கீழேயுள்ள போல்ட்டுகளைத் தளர்த்திச் சரிசெய்யணும். பிறகு ஃபென்ஸும் அதே காடிக்கு இணையாக நிற்கணும். பிளேடைவிட்டு ஃபென்ஸின் பின்முனை ஒரு மயிரிழை விலகியிருக்கலாம், நெருங்கக் கூடாது. நெருங்கினால் மரம் இறுகும், அது கிக்பேக்குக்கு வழி.

பிளேடு ஆடினால் பேரிங் போயிருக்கலாம். பேரிங்கின் மேலேயே நம்பர் இருக்கும். அதைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோனால் போதும்.

துருவும் மணலும்

கடலோர ஈரப்பதமும் ஏசியை அணைத்துப் போடுவதும் சேர்ந்தால் வார்ப்பிரும்பில் ஒரே ராத்திரியில் துரு பூக்கும். மண்ணெண்ணெய் தொட்டு ஸ்டீல் ஊலால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, பேஸ்ட் வேக்ஸ் பூசுங்கள். சிலிகான் கலந்த கார் பாலிஷ் வேண்டாம். மரத்தில் ஒட்டிக்கொண்டு வார்னிஷைக் கெடுக்கும். ஏற்றி இறக்கும் பல்சக்கரங்களுக்குக் கிரீஸும் வேண்டாம். மரத்தூளும் மணலும் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அரைக்கும். கிராஃபைட் தூளோ மெழுகோ போதும்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை?

பிளக் மகளின் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிளக் வயரோடு வருமே என்று சிரித்தாள். அதனால் வேறு ஏற்பாடு. பிளக்கின் மேல் மாட்டும் சின்னப் பூட்டு டப்பா ஒன்று வாங்கினோம், சாவி அவளிடம். மெஷினைத் திறந்து வேலை செய்யும்போது அவள்தான் அளப்பாள், எண்ணை நோட்டில் எழுதுவாள். மெஷின் ஓடும்போது மஞ்சள் கோட்டுக்கு வெளியே, கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டு நிற்பாள். எம்.டி.எஃப். தூள் மூச்சுக்கு ஆகாது. பிளேடுக்கு அருகே மரத்தைத் தள்ளுவது தள்ளுகட்டைதான், அது என் கையாக இருந்தாலும் சரி. மரம் அறுப்பதை அவளுக்கு இப்போது சொல்லித்தரவில்லை. எது எதனால் ஆபத்தாகிறது என்பது அவளுக்கு இப்போதே தெரியும்.

ஸ்பிளிட்டர் பொருத்தவே வழியில்லாத மெஷினாக இருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஸ்கிராப்புக்குப் போடுங்கள். மலிவு விலைக்கு இன்னொரு வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டாம். அங்கேயும் பிள்ளைகள் இருப்பார்கள். நாங்களும் ஒருநாள் கிளம்புவோம். அப்போது இந்த மெஷினோடு ஸ்பிளிட்டர், தள்ளுகட்டை, பூட்டுச் சாவி, அவள் எழுதிய நோட்டு எல்லாம் சேர்ந்தேதான் போகும்.