வளராத நிலவு

வரைந்த காட்சியை நோக்கிப் படக்கருவி நெருங்கினால், குடிசையோடு வானத்து நிலவும் பெரிதாகும். இயற்கையில் எத்துணைத் தொலைவு நடப்பினும் நிலவு வளர்வதில்லை அன்றோ? இக்குறை தீர டிஸ்னி கலைக்கூடத்தார் மரம், குடிசை, வானம் ஆகியவற்றைத் தனித்தனித் தளங்களில் தீட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து படம்பிடித்தனர். நிலவுத் தளம் மட்டும் கருவியினின்று ஒரே தொலைவில் நின்றது. 1937இல் வெளிவந்த 'தி ஓல்டு மில்' குறும்படத்தில் இம்முறை கையாளப்பட்டது. ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் அம்மையாரோ 1926இலேயே 'ஆயிரத்தொரு இரவுகள்' கதைகளை அடுக்குக் கண்ணாடிகளின்மீது நிழலுருவங்களாக்கிவிட்டார்!

2001இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளின் 5ஆம் பதிப்பு இவ்வடுக்குகளைக் கணிப்பொறிக்குள் கொணர்ந்தது. ஒவ்வோர் அடுக்குக்கும் ஆழம் குறித்துக் கருவியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அண்மையது விரையும்; சேய்மையது தயங்கும். அவ்வேறுபாட்டையே கண் ஆழமெனக் கொள்கிறது. மரம் மறைத்த சுவரையும் முன்னரே தீட்டிவைத்தல் வேண்டும். கருவி நகர்ந்ததும் அவ்விடம் வெளிப்பட்டுவிடும்.