பரணில் இருக்கும் பழைய ரைபிள்: விவசாயிகள் கவனத்திற்கு

மலைத் தோட்டங்களிலும் காட்டை ஒட்டிய கிராமங்களிலும் சில வீடுகளில் தாத்தா காலத்து ரைபிள் ஒன்று இன்றும் இருக்கிறது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் நிலக்கடலையையும் மரவள்ளியையும் மக்காச்சோளத்தையும் கிளறிப் போட்டுவிட்டுப் போகும்போது, ‘அந்த ரைபிளை எடுத்தால் என்ன?’ என்ற எண்ணம் எழுவது இயற்கையே. ஆனால் அதை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ரைபிளை வைத்திருக்க உரிமை உண்டா? விலங்கைச் சுட அனுமதி உண்டா? ரைபிள் சுடத்தக்க நிலையில் உள்ளதா? முதல் இரண்டில் தவறினால் சிறை. மூன்றாவதில் தவறினால் கண்ணோ கையோ உயிரோ போகும்.

போல்ட் ரைபிள் என்பது என்ன?

கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால், சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். இந்தத் தாழ்ப்பாளே ‘போல்ட்’. வெடிக்கும் வாயுவின் அழுத்தம் முழுவதையும் தாங்குவது போல்ட்டில் உள்ள சிறு எஃகுக் காதுகளே.

ஜெர்மனியின் மௌசர் 1898ஆம் ஆண்டு மாதிரியில் இரண்டு காதுகள் முன்பக்கமும், காப்புக்கென மூன்றாவது காது பின்பக்கமும் உள்ளன. இங்கிலாந்தின் லீ-என்ஃபீல்டு வகையில் காதுகள் பின்பக்கம் இருக்கும். பழைய வேட்டை ரைபிள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றன் வழி வந்தவை. லண்டன் ரிக்பி கம்பெனி மௌசர் அமைப்பில் செய்த .275 ரைபிள் ஒன்றுதான், குமாவூன் பகுதியில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வழங்கப்பட்டது.

நம் நாட்டில் அதிகம் காணப்படுவது .315 ரைபிள். ஆங்கிலேயர் ஆட்சியில், படையினர் பயன்படுத்திய .303 தோட்டா பொதுமக்கள் கையில் இருப்பதை அரசு விரும்பவில்லை. எனவே ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் மான்லிச்சர் துப்பாக்கிக்கு உரிய 8 மில்லிமீட்டர் தோட்டா இங்கே வேட்டைக்கு வழக்கில் வந்தது. வங்காளத்தின் இச்சாப்பூர் அரசு ரைபிள் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே இந்தத் தோட்டாவுக்கு ஏற்ற ரைபிளைச் செய்தது.

லைசென்ஸ் பற்றிய விவரம்

‘இது பழங்காலப் பொருள், லைசென்ஸ் தேவையில்லை’ என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்கு அளிப்பது, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்கு மட்டுமே. நூறு வயது மௌசர் ஆனாலும், சுடக்கூடியது என்றால் லைசென்ஸ் கட்டாயம். குடகு நாட்டில் குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் மத்திய அரசு தனி விலக்கு அளித்துள்ளது. அது எல்லை தாண்டி நமக்குப் பொருந்தாது.

பயிர்ப் பாதுகாப்புக்கென இச்சட்டம் முதலில் குறிப்பிடுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அது போதாது என அதிகாரி கருதினால் வரியில்லாக் குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். ரைபிளுக்கு லைசென்ஸ் கேட்போர் தக்க காரணம் காட்ட வேண்டும். .303, 7.62 மி.மீ. படைத் தோட்டாக்களைச் சுடும் போல்ட் ரைபிள்கள் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. லைசென்ஸ் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அவருடைய லைசென்ஸ் மகனுக்குத் தானாக வந்துவிடாது. ரைபிளை உடனே போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். பிறகு, 21 வயது நிறைந்த வாரிசு தம் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் தேவைப்படும். லைசென்ஸ்தாரர் 70 வயது எய்தினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிருடன் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வழி உண்டு. வயதான பெரியவர்கள் உள்ள குடும்பங்கள் இவ்வேலையைத் தள்ளிப்போடாமல் முடித்துக்கொள்வது நல்லது.

எந்தக் காகிதமும் இல்லாத ரைபிள் பரணில் அகப்பட்டால் அதை ஒளித்து வைப்பதும், கிணற்றில் போடுவதும், அடுத்தவருக்கு விற்பதும் குற்றத்தைப் பெருக்கும். வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொண்டு, போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்படைப்பதே முறை.

பன்றியைச் சுடலாமா?

துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருப்பதால் மட்டும் விலங்கைச் சுடும் உரிமை வந்துவிடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அது இரண்டாம் அட்டவணையில் உள்ளது. பயிரை அழிக்கும் பன்றியை வேட்டையாட உத்தரவிடும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும், அவரால் அதிகாரம் பெற்ற அலுவலருக்குமே உண்டு.

தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடப்படும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடுவார்கள். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் அளிக்கப்பட்டு, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் பயன்படுத்தப்படுகின்றனர். அந்த முறை இங்கே இல்லை. ஆகவே விவசாயி செய்ய வேண்டியது, சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து, இழப்பீடும் நடவடிக்கையும் கோருவதே. அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவதும் யானையையும், மாட்டையும், மனிதரையும் கொல்லும் செயல்கள்.

இருட்டில் செடி அசைவதைப் பார்த்துப் பன்றி என எண்ணிச் சுட்டு, ஆளைப் பறிகொடுத்த துயரங்கள் மலைப்பகுதிகளில் பலமுறை நேர்ந்துள்ளன. ரைபிள் குண்டு ஈயச் சில்லு போலச் சிதறி அருகில் விழுவதில்லை. சாய்த்துச் சுட்டால் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று ஆளை வீழ்த்தும். பாறையில் பட்டால் திசை மாறிப் பாயும்.

சுடுவதற்கு முன் சோதனை

முறையான லைசென்ஸ் உள்ள ரைபிளானாலும், பல ஆண்டுகள் சும்மா கிடந்ததை நேரே தோட்டா போட்டுச் சுடலாகாது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிப் பின்வருவனவற்றைச் சோதிக்க வேண்டும்.

1. போல்ட்டிலும் உடலிலும் பொறித்துள்ள எண்கள் ஒன்றாக உள்ளனவா? வேறு ரைபிளின் போல்ட் மாட்டப்பட்டிருந்தால், தோட்டாவுக்கும் போல்ட் முகத்துக்கும் இடையில் இடைவெளி கூடி, வெற்றுக்கூடு பிளந்து வாயு முகத்தில் அடிக்கும். லீ வகையில் போல்ட் தலை தனியே கழலக்கூடியது என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

2. குழலில் குளவிக்கூடு, அடைப்பு, வீக்கம், ஆழ்ந்த துருக்குழி உள்ளனவா?

3. போல்ட்டின் காதுகளில் வெடிப்பு உண்டா? பாதுகாப்புப் பூட்டு பிடிக்கிறதா?

4. மரக்கட்டையில் கைப்பிடி அருகே விரிசலோ, செல் அரிப்போ உள்ளதா?

பொட்டாஷ் உப்பும் துருவும்

பழைய தோட்டாக்கள் பலவற்றின் எரிமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலில் தங்குவது பொட்டாசியம் குளோரைடு. நாம் வயலுக்கு இடும் மூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரமும் அதே உப்புதான். மழைக்காலத்தில் பொட்டாஷ் மூட்டை கசிந்து கட்டி தட்டுவதையும், பட்ட இரும்பெல்லாம் துருப்பிடிப்பதையும் விவசாயிகள் அறிவார்கள். குழலுக்குள்ளும் அதுவே நடக்கிறது.

மண்ணெண்ணெயோ துப்பாக்கி எண்ணெயோ இந்த உப்பைக் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும். எனவே சுட்ட அன்றே போல்ட்டைக் கழற்றி, புனல் வைத்துப் பின்பக்கத்திலிருந்து கொதிநீரைக் குழல் வழியே ஊற்ற வேண்டும். சூட்டிலேயே குழல் விரைவில் உலரும். பிறகு காய்ந்த துணித் துண்டுகளை ஓட்டி, மெல்லிய பூச்சாக எண்ணெய் இட வேண்டும். மரக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெய் ஏற்றது. தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாதலால், அதற்குள் ரைபிளை மாதக்கணக்கில் வைக்கக்கூடாது. ரைபிள், போல்ட், தோட்டா மூன்றையும் தனித்தனியே பூட்டி வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம்.

தோட்டா விஷயம்

குழலில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். .315 தோட்டா வேறு, மௌசர் 8 மி.மீ. தோட்டா வேறு. ‘இரண்டும் எட்டுதானே’ என்று ஒன்றுக்கு ஒன்று போடுவது பேராபத்து. .315 தோட்டா உள்நாட்டில் தயாராகிறது. பழைய இங்கிலாந்து வகைகளுக்குத் தோட்டா கிடைப்பது அரிது. அதற்காகத் துளையைப் பெரிதாக்குவதோ, கண்டவரிடம் மருந்து கெட்டித்து வாங்குவதோ கூடாது.

தோட்டா வெடிக்காவிட்டால் குழலை மண்மேட்டை நோக்கியே வைத்து, அரை நிமிடம் பொறுத்த பின்னரே போல்ட்டைத் திறக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால் குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

எங்கே சுடலாம்?

சுட்டுப் பழக விரும்புவோர் மாவட்ட ரைபிள் கிளப்பில் சேர்வதே சரியான வழி. எல்லாத் தளங்களும் பெரிய தோட்டா ரைபிள்களுக்கு ஏற்றவை அல்ல. முன்கூட்டியே கேட்டறிந்து, மண்மேடு உள்ள தளத்தில், கண்ணாடியும் காதடைப்பும் அணிந்து சுட வேண்டும். ரைபிளை எடுத்துச் செல்லும்போது லைசென்ஸ் உடன் இருக்க வேண்டும்.

முன்னோர் விட்டுச் சென்ற ரைபிளைப் பேணுவதில் தவறில்லை. மௌசர், லீ பெயர் சொல்லும் எஃகு வேலைப்பாடு இன்றும் பார்க்கத்தக்கது. ஆனால் வயலைக் காக்க வேலியும் காவலும் வனத்துறைக்குக் கொடுக்கும் மனுவும் இருக்கின்றன. ரைபிள் வைத்திருப்போர் இந்த வாரமே லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து, முடிவுத் தேதியையும், அதில் எழுதியுள்ள எண் ரைபிளில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்பதையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஐயம் இருந்தால் கலெக்டர் அலுவலக ஆயுத லைசென்ஸ் பிரிவில் கேட்டுத் தெளிவு பெறலாம்.