கிருமியின் உறை உரிக்கும் களிமண்

சவர்க்காரம் இல்லாதபோது மண்ணால் கை தேய்த்த தலைமுறையினரை நம்மில் பலர் அறிவோம். களிமண்ணுக்கும் வைரசுக்கும் இடையே நிகழ்வது யாது?

பற்றீரியாவைத் தாக்கும் ஃபை-6 எனும் வைரசு, கொழுப்பு உறை போர்த்தது. அதனை மொன்மொரிலோனைற்றுக் களியுடன் கலந்து இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கிய அமெரிக்க ஆய்வாளர் 2014 இல் முடிவை வெளியிட்டனர். களியின் நுண்தகடுகளுக்கு முகத்தில் மறையேற்றம், ஓரத்தில் நேரேற்றம். மறையேற்ற வைரசு ஓரத்தில் ஒட்டி, வீங்கி, உறை கழன்றது. எஞ்சிய உட்கருவும் உருக்குலைந்தது. கழுவிப் பொருள்களால் உறை நீக்கியபோது அவ்வாறு நேர்வதில்லை.

ஆயினும் இதனை நம்பிச் சவர்க்காரத்தைக் கைவிடலாகாது. இளம்பிள்ளைவாத வைரசுக்கு அவ்வுறையே இல்லை. அது களியில் ஒட்டியும் வீரியம் குன்றாதிருக்கக்கூடும். பெருமழை பெய்தால் பெயர்ந்து நிலத்தடி நீரையும் அடையலாம்.