அபூர்வ வாகனங்களின் அங்க லட்சணம்

பாரிஸின் லாச்சப்பல் கடைத்தெருவில் மாலை வேளைகளிற் கூடி நின்று உரையாடும் நம்மவரிடையே, இளமையில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ40 காரோ மொறிஸ் மைனரோ ஓட்டியவர்களும், அவற்றைப் பழுது பார்த்தவர்களும், பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலை ஊற்றி யந்திரத்தைக் கிளப்பிப் பின்பு மண்ணெண்ணெயிலேயே அதை ஓட வைத்த சாமர்த்தியத்தை நேரிற் கண்டவர்களும் அநேகர் உளர். பழைய கார்களை இனங்காணும் வித்தைக்கு வேண்டிய மூலதனம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிருந்து 2ஆம் இலக்க மெத்ரோவில் ஏறி, நசியோனில் 1ஆம் இலக்கத்துக்கு மாறி, வன்சென் கோட்டையில் இறங்குவோர், அக்கோட்டையின் முன்னே பழைய வாகனங்களும் அவற்றின் ரசிகர்களும் திரளும் காட்சியைக் காணலாம்.

அங்கே புதிதாகச் செல்பவர் முதலில் நாடுவது பெயர்த்தகட்டை. ஆனால் தகட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டுவது எளிது. யந்திரத்தின் தேவை காரணமாக உடலில் ஏற்பட்ட அடையாளத்தை மாற்றுவது அத்தனை எளிதன்று. நமக்குப் பழக்கமான மொறிஸ் மைனரையே பாருங்கள். 1948இல் அது வெளிவருவதற்குச் சற்று முன்னர், அதனை வகுத்த அலெக் இஸிகோனிஸ், மாதிரி வாகனம் ஒடுக்கமாக இருப்பதாகக் கருதி, அதை நெடுக்காக இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். பொனற்றின் நடுவே முன்பின்னாக ஓடும் தட்டையான பட்டை அந்தக் கடைசி நேரத் தீர்மானத்தின் தழும்பேயாகும். முன்கண்ணாடி இரு துண்டாக இருந்தால் அந்தக் கார் 1956க்கு முற்பட்ட வகை. வளைந்த ஒரே துண்டாயின் பிற்பட்டது.

இவ்வாறு ஒவ்வொரு லட்சணத்துக்கும் காரணம் வினவும் வழக்கம் படிந்துவிட்டால், சித்ரோயன் 2சிவி கார்களின் நடுவே நிற்கும் ‘சஹாரா’வும் தப்ப முடியாது. மேலோட்டமான பார்வைக்கு அது மற்ற 2சிவி போன்றதே. ஆயினும் ஸ்பெயர் சில்லு பொனற்றின் மேலே ஒரு குழிவில் அமர்ந்திருக்கும், பெற்றோல் ஊற்றும் வாய் முன்கதவின் வழியே தெரியும். பின்புற டிக்கியில் மற்றொரு யந்திரம் குடியிருப்பதால் சில்லுக்கு அங்கே இடமில்லை. பெற்றோல் தாங்கிகளும் முன்னிருக்கைகளின் கீழே நகர்ந்துவிட்டன. முன் யந்திரம் முன்சில்லுகளையும், பின் யந்திரம் பின்சில்லுகளையும் சுழற்ற, இரண்டையும் கிளப்ப இரண்டு திறப்புகள் வேண்டும். பாலைவன மணலுக்காக உருவாக்கப்பட்ட இவ்வகையில் உற்பத்தியானவை 694 மாத்திரமே.

சித்ரோயனின் டிஎஸ் காரின் விஷயத்தில் தனி ஒருவரின் கண் போதாது. 1955ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான இந்த வாகனத்துக்கு, 1967இல் கண்ணாடிக்குள் அடங்கிய புதிய முகப்பு விளக்குகள் வந்தன. அவற்றுள் உட்புறத்து இரண்டும், பெரும்பாலான வகைகளில், ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும். அந்த முகத்தைப் பழைய உடலிற் பொருத்திக் கொள்வோரும் உண்டாதலால், முகத்தை மட்டும் நம்பி வருஷத்தைக் கூறுதல் தகாது. ஒருவர் வெளித்தோற்றத்தை ஆராய, யந்திர அநுபவம் மிக்க சிநேகிதர் பொனற்றைத் திறந்து, சஸ்பென்ஷனை இயக்கும் திரவம் பழைய சிவப்போ, 1966இற்குப் பின் வந்த பச்சைக் கனிம எண்ணெயோ என்று நோக்குவார். ஒன்றுக்கான ரப்பர் மற்றதிற் கெட்டுப் போகும். எனவே நிறத்தை விருப்பம் போல் மாற்றிவிட இயலாது.

என் மனத்தை மிகக் கவர்ந்தது சித்ரோயனின் ஜிஎஸ் பிரோத்தோர். சாதாரண ஜிஎஸ் காரின் சில்லை மூன்று நட்டுகள் பிடித்திருக்க, இதன் சில்லிலோ ஐந்து; மட்கார்டுகளும் சற்றே புடைத்திருக்கும். உள்ளே பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவான இரண்டு சுழலிகள் சுற்றிச் சுற்றிச் சக்தியைப் பிறப்பிக்கும். 1973இல் இது விற்பனைக்கு வந்த தருணத்திலேயே எண்ணெய் நெருக்கடியும் மூண்டது. பெற்றோலை மிகுதியாக விழுங்கிய இந்த யந்திரத்தை வாங்குவோர் குறைந்தனர். 847 கார்களோடு உற்பத்தியை நிறுத்திய ஸ்தாபனம், உதிரிப் பாகங்களைப் பல்லாண்டு பேண வேண்டிய பொறுப்பைத் தவிர்க்க, விற்றவற்றைத் திரும்ப வாங்கி அழிக்க முற்பட்டது. கொடுக்க மறுத்த உடைமையாளர் சிலரின் பிடிவாதத்தினாலேயே இன்று நாம் அந்த ஐந்து நட்டுகளைக் காண முடிகிறது.