சங்கமத்துத் துரையும் தாம்பட்டும்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் புனேத் தமிழர்கள் அழைத்துப் போய்க் காட்டும் இடங்களில் சனிவார்வாடா கட்டாயம் இருக்கும். யானை முட்டாமலிருக்க இரும்பு முள் பதித்த பெரிய கதவு, மதில், உள்ளே புல்தரை, அஸ்திவாரக் கற்கள். அவ்வளவுதான். "அரண்மனை எங்கே?" என்று வந்தவர் கேட்டால், 1828-ல் பிடித்த தீயில் போயிற்று என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கிருந்த தர்பார் மண்டபத்தின் சாயலைக் காண லண்டன் டேட் கலைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். தாமஸ் டேனியல் 1805-ல் தீட்டிய பெரிய ஓவியம் அங்கே இருக்கிறது. இளம் பேஷ்வா சவாய் மாதவராவின் சபையில் கம்பெனியின் ரெசிடெண்ட் சர் சார்லஸ் மாலட் உடன்படிக்கை முடிக்கும் காட்சி.

மாலட் 1786-ல் புனே வந்தவர். முளா, முட்டா ஆறுகள் கூடும் சங்கமத்தில் அவர் ஜாகை. திப்பு சுல்தானுக்கு எதிராகப் பேஷ்வா, நிஜாம், கம்பெனி மூவரையும் சேர்த்து வைத்தது அந்த 1790-ம் ஆண்டு உடன்படிக்கை. இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமல்ல. அதைத் தொடர்ந்த யுத்தம் 1792-ல் முடிந்தபோது சேலம், கிருஷ்ணகிரிப் பகுதியும் திண்டுக்கல்லும் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போயின. சேலத்துக்காரர்களின் தலையெழுத்தில் ஒரு வரி புனேயில் எழுதப்பட்டது என்று சொல்லலாம்.

மாலட்டுக்குக் கிடைத்த பரிசு 1791-ல் 'பாரோனெட்' பட்டம். தந்தைக்குப் பின் மகன் என்று 'சர்' தொடர்ந்து வரும் பரம்பரைப் பட்டம் அது. அந்தக் குடும்பத்தின் பெயரை இன்று நினைவில் வைத்திருப்பது பட்டமல்ல, படங்கள்.

டேனியல் நமக்குப் பழக்கமானவர்தான். மதுரை நாயக்கர் அரண்மனையையும் பாபநாசம் அருவியையும் வரைந்தவர். ஆனால் தர்பார் படத்துக்குப் புனேயில் முகம் முகமாகக் குறிப்பெடுத்தவர் ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1795-ல் அவர் இறந்துபோக, அவருடைய சித்திரங்களைக் கொண்டு டேனியல் வேலையை முடித்தார். வேல்ஸின் மகள் சுசானாவை மாலட் 1799-ல் மணந்தார். ஓவியரின் உழைப்பு இப்படி மாப்பிள்ளை வீட்டுச் சொத்தாயிற்று!

இந்தக் கதையில் இன்னொருவர் உண்டு: கங்காராம் சிந்தாமன் தாம்பட். கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி பக்கம் போனவர்களுக்குச் செம்பு தட்டும் ஓசை தெரியும். தாம்பட் என்றால் அந்தக் கன்னார் குலத்தின் பெயர். மாலட்டும் வேல்ஸும் அவரை வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எல்லோராக் குகைகளுக்குப் போய் அவர் அளவு பிசகாமல் சித்திரங்கள் எழுதினார். பேஷ்வாவின் மிருகக் காட்சிச்சாலையிலிருந்த காண்டாமிருகத்தை 1790 நவம்பரில் வரைந்தார். துரைக்காக வரைந்தாலும் கை புனேக் கை.

அந்தத் தாள்கள் மாலட்டோடு கப்பலேறின. இன்று பல, அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் பத்திரமாக இருக்கின்றன. வேல்ஸ் 1792-ல் தீட்டிய, பேஷ்வாவும் நானா பட்னாவிஸும் சேர்ந்திருக்கும் ஓவியம் லண்டன் ராயல் ஆசியக் கழகத்தில். சங்கமத்து ரெசிடென்சியோ 1817 கட்கிப் போரின்போது எரிந்துபோயிற்று. இங்கேயே இருந்திருந்தால் அந்தப் படங்கள் பிழைத்திருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் தாம்பட்டின் காண்டாமிருகத்தைப் பார்க்க ஒரு புனேக்காரர் விசா வாங்க வேண்டியிருக்கிறது.