பனகல் பூங்கா சொல்லும் வியாபாரப் பாடம்



கொள்முதலுக்குச் சென்னை சென்று வரும் நம்மில் பலருக்குத் தியாகராய நகர் பழக்கமான இடம். ஆனால் அந்தக் கடைவீதிகளுக்கு நடுவே உள்ள பனகல் பூங்காவுக்குள் சென்று உட்கார்ந்தவர்கள் நம்மில் குறைவு. வியாபாரிக்குப் பூங்காவில் என்ன வேலை என்று நினைக்கிறோம். அதன் வரலாற்றைப் பார்த்தால் வேலை உண்டு என்பது விளங்கும்.

தி.நகர் இருக்கும் இடத்தில் முன்பு பெரிய ஏரி இருந்தது. 1920-களில் அதன் நீரை வடித்து, மனை பிரித்து, நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரில் நகர் அமைத்தார்கள். நடுவிலே பூங்காவுக்கு இடம் விட்டார்கள். உஸ்மான் சாலை, தியாகராய சாலை, ஜி.என். செட்டி சாலை, வெங்கடநாராயணா சாலை ஆகியவை அங்கே வந்து கூடுகின்றன. 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதன் மந்திரியாக இருந்த பனகல் அரசரின் பெயரைப் பூங்காவுக்குச் சூட்டினார்கள்.

குடியிருப்புக்காகப் போட்ட நகர் அது. வியாபாரம் பின்னால்தான் பெருகியது. நல்லி சின்னசாமி செட்டியார் 1928-ல் பட்டு வியாபாரம் தொடங்கினார். பாண்டி பஜாரோ டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிறகு ஜவுளிக் கடைகளும் நகைக் கடைகளும் பூங்காவைச் சுற்றி வளர்ந்தன. குழந்தை குட்டிகளோடு வருகிற குடும்பம் சற்று நிழலில் உட்கார்ந்து களைப்பாறினால்தான் அடுத்த கடைக்கும் போகும். அந்த நிழலுக்கு எந்தக் கடைக்காரரும் வாடகை கொடுக்கவில்லை.

இடம் சுருங்கினால் சிரமம் யாருக்கு? 2013-ல் பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகள் மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். போகிறவர் கண்ணில் பட்டு விற்ற சரக்கை, படியேறி வருபவருக்கு விற்பது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியும். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி வந்தபோது, நிலத்தடி நிலையத்துக்காகப் பூங்காவிலும் ஒரு பகுதியை எடுத்தார்கள்.

நமது ஊர்களிலும் சந்தைத் திடல், பஸ் நிலையத்தை ஒட்டிய காலியிடம் என்றால் உடனே, "கடை கட்டினால் வாடகை வருமே" என்கிறோம். மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏல நாளன்று வண்டி நிறுத்த இடம் தேடுகிற விவசாயியைக் கேட்டால் திறந்த வெளியின் மதிப்பைச் சொல்வார். வண்டி நிற்க இடமில்லாத ஊருக்கு அவர் அடுத்த வாரம் வர யோசிப்பார். அவர் வராவிட்டால் நமது மளிகைக் கடைக்கும் வியாபாரம் இல்லை.

ஆகவே, ஊரின் பொது இடத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது, இன்னும் பத்துக் கடை வேண்டும் என்று மட்டும் சங்கம் மனுக் கொடுக்கக் கூடாது. நான்கு மரம், குடிதண்ணீர், கழிப்பிடம், வண்டி நிறுத்த இடம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்போம். வாடிக்கையாளர் நின்று இளைப்பாறும் ஊரில்தான் நமது கல்லாவும் நிறையும்.