காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் பிக்கப்

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் ஜனவரி மாதத்து விடிகாலை மூன்றரை மணி. கழுவிய கேரட் மூட்டைகள் பின்னால் ஏறியாகிவிட்டன. புல்வெளியெல்லாம் உப்பைத் தூவியதுபோல உறைபனி. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்புகிறார். சைலன்சரில் கொஞ்சம் வெள்ளைப் புகை. நான்காவது தடவை, உடம்பெல்லாம் உதறிக்கொண்டு ஒருவழியாகப் பிடிக்கிறது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. குன்னூர் தாண்டி, பர்லியார் இறங்கி, மேட்டுப்பாளையம் மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு, பதினோரு மணி வெயிலில் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறார். மெக்கானிக் சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட்.

"நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. என்ன கம்ப்ளெயின்ட்டு?"

இதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியாததால்தான் பணம் போகிறது. முதலில் புது பேட்டரி, அடுத்து டீசல் ஃபில்டர், அதற்கடுத்து நாசில் வேலை. ஒவ்வொன்றும் காரணமாக இருக்கக்கூடியதுதான். ஆனால் குளிரில் வரும் கோளாறு குளிரில் மட்டுமே தன்னைக் காட்டும். அதைப் பார்க்கும் வாய்ப்பு, விடிகாலையில் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஆளுக்குத்தான் உண்டு. முதல் பத்து விநாடியில் காதும் கண்ணும் சொல்வதைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு, பழைய இன்ஜின்களில் இருபது மடங்குக்கும் மேல் அமுக்குகிறோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுகிறது அல்லவா, அதே சங்கதிதான். நல்ல நிலையில் அந்தக் காற்று 500 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அதில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். இதற்கு மூன்று தேவை: இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும், டீசல் வந்து சேர வேண்டும், சூடு தங்க வேண்டும்.

குளிர் இந்த மூன்றின் மீதும் கை வைக்கிறது. ஆயில் கெட்டிப்படுகிறது, பேட்டரி சோம்புகிறது, உள்ளே வரும் காற்றே சில்லென்று இருக்கிறது. அமுக்கிச் சேர்த்த சூட்டையும் சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மெதுவாகச் சுற்றினால் உறிஞ்ச இன்னும் நேரம் கிடைக்கிறது. ஊட்டிக்கு உயரமும் சேர்ந்துகொள்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டரில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அமுக்கக் கிடைக்கும் காற்றே அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்தில் தெரியாத ஒரு சின்னத் தேய்மானம், மேலே போனதும் வண்டியைப் படுக்க வைப்பது இதனால்தான்.

சரி, காலையில் செல்ஃப் அடிக்கும்போது முதலில் காதைக் கொடுங்கள். மதியம் அடிக்கும் அதே வேகத்தில் சுற்றுகிறதா, அல்லது 'ஊ…ம், ஊ…ம்' என்று முனகுகிறதா? முனகினால் டீசல் பக்கம் போகவே வேண்டாம், கோளாறு பெரும்பாலும் கரண்ட்டில் இருக்கிறது. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கதவைத் திறந்து லைட்டெல்லாம் எரிவதற்கு முன்பே பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட்டைக் குடிக்கிறது. 0 டிகிரிக் குளிரில் நல்ல பேட்டரிக்கே சக்தியில் ஐந்தில் ஒரு பங்காவது போய்விடும். அரை உயிரில் இருக்கும் பேட்டரி கோயம்புத்தூரில் வண்டியை எழுப்பும், கேத்தியில் எழுப்பாது.

ஆனால் பேட்டரி மாற்றுவதற்கு முன் எர்த் ஒயரைப் பாருங்கள். இதை எத்தனை பேர் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழிலேயே வையுங்கள், அதில் மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் அல்ல. மற்றொன்றை இன்ஜின் பிளாக்கில், பெயிண்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரண்ட் வழியிலேயே தொலைகிறது. பச்சை பூத்த டெர்மினல், துருப்பிடித்த போல்ட், உள்ளுக்குள் அரித்துப்போன கேபிள், இவற்றில் ஒன்றாக இருக்கும். உப்புத்தாளும் பத்து நிமிடமும்தான் பெரும்பாலும் செலவு. ஆயிலையும் கவனியுங்கள். டப்பாவில் W என்ற எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் அது எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. 15W-40 போட வேண்டிய இன்ஜினில், 'கெட்டியா இருந்தா நல்லது' என்று 20W-50 ஊற்றினால் காலையில் அதன் பலன் தெரியும்.

இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அடுத்தது கண்ணின் வேலை. பின்னால் ஒரு ஆளை டார்ச்சோடு நிறுத்தி, சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். புகை வருகிறதா, இல்லையா? என்னைக் கேட்டால், குளிர் ஸ்டார்ட் விஷயத்தில் இந்த ஒரு கேள்விக்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. இரவில் நிற்கும்போது லைனில் எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்க்குக்கே திரும்ப இறங்கியிருக்கும். மெக்கானிக்குகள் 'ஏர் பிடிச்சிருக்கு' என்பது இதைத்தான். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. காலையில் சாவியைத் தொடுவதற்கு முன், டீசல் ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் ஹேண்ட் பம்ப்பை இறுகும்வரை அழுத்துங்கள். அதன்பின் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனால் விடை கிடைத்துவிட்டது. மலைக்காரர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு இரவு வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்துங்கள், மறு இரவு இறக்கத்தைப் பார்க்க. மேட்டைப் பார்த்து நின்ற நாளில் டேங்க் தாழ்ந்திருக்கும், டீசல் எளிதாகப் பின்வாங்கும். மேட்டில் நின்றால் முரண்டு, இறக்கத்தில் நின்றால் சாது என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஃபில்டர் வாஷர், ரப்பர் ஹோஸ், கிளிப், ஹேண்ட் பம்ப்பின் ரப்பர், நாசிலிலிருந்து திரும்பும் ரிட்டர்ன் பைப் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். டீசல் கசியும் இடம் நின்ற பிறகு காற்றை உறிஞ்சும் இடமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் கண்ணாடி போலத் தெளிவான டியூப் அரை அடி போட்டுப் பாருங்கள். குமிழ் ஓடுவது தெளிவாகத் தெரியும். ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரையும் அப்போதே இறக்கிவிடலாம்.

இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் காற்று இல்லாமலும் இதே அறிகுறி வரும். ரெயிலில் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் ஏறினால்தான் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்கும். ஒரு நாசில் தேய்ந்து ரிட்டர்னில் அதிகமாக விட்டுவிட்டால், மெதுவாகச் சுற்றும் காலை நேரத்தில் அந்த அழுத்தம் ஏறவே ஏறாது. நான்கு நாசிலின் ரிட்டர்னிலும் ஒரே அளவு பாட்டில்களைக் கட்டி ஓட்டிப் பார்த்தால், எது முதலில் நிரம்புகிறதோ அதுதான் குற்றவாளி. நான்கையும் மாற்றச் சொல்வதற்கு முன் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைப் புகை டீசல் நாற்றத்தோடு வருகிறது, கண் எரிகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. அப்படியானால் டீசல் நன்றாகவே வருகிறது, பற்றத்தான் சூடில்லை. இங்கேதான் ஹீட்டர் பிளக். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நீட்டிக்கொண்டிருக்கும் பென்சில் முனை போன்ற கம்பி அது. சாவியைப் போட்டதும் சில விநாடிகளில் 800 டிகிரிக்கும் மேல் போய் ஆரஞ்சு நிறத்தில் கனலும். டேஷ்போர்டில் சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு எரிவது அதற்காகத்தான். அது அணைந்த பிறகு செல்ஃப் அடிக்க வேண்டும் என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். ஆனால் பல வண்டிகளில் அந்த விளக்கு வெறும் டைமர். நான்கு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் அது அழகாக எரிந்து அழகாக அணையும். 'லைட் எரியுதே, அப்ப பிளக் நல்லாத்தான் இருக்கு' என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஏமாற்றம்.

ஒரு பிளக் போனால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஒரு நிமிடம் மூன்று காலில் ஓடுவதுபோல உதறும். இரண்டு, மூன்று போனால்தான் காலையில் போராட்டம். சோதிக்க, பிளக்குகளின் தலையை இணைக்கும் பட்டையைக் கழற்றி, மீட்டரை ஓம்ஸில் வைத்து, பிளக் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே அளக்க வேண்டும். ஒரு ஓமுக்குப் பக்கமாகக் காட்டினால் உயிர் இருக்கிறது. எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. நான்கும் நன்றாக இருந்தால், சாவி போட்டதும் அந்தப் பட்டைக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது பெரிய ஃபியூஸ். பிளக்கைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. புது வண்டிகளில் ஐந்து வோல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை செய்யும் பிளக்குகள் உண்டு. 12 வோல்ட் கொடுத்தால் சோதனையே அதைக் கொன்றுவிடும். இன்னொன்று, பிளக்கை இன்ஜின் சூட்டோடு இருக்கும்போதுதான் கழற்ற வேண்டும். இறுகிப்போனதை முறுக்கி உள்ளே உடைத்துவிட்டால் ஹெட்டை இறக்க வேண்டியதாகிவிடும். சில பழைய இன்ஜின்களில் ஹீட்டர் பிளக்கே கிடையாது, தேடுவதற்கு முன் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் பிளக்கைச் சூடாக்க வேண்டும், எவ்வளவு டீசல் விட வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்வது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைக் கேட்டுத்தான். அது பொய் சொல்லி, விடிகாலையில் 70 டிகிரி என்று சொன்னால், 'இன்ஜின் சூடாத்தான் இருக்கு' என்று கம்ப்யூட்டர் சும்மா இருந்துவிடும். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஸ்கேனர் மாட்டினால் கூலன்ட், காற்று, டீசல் எல்லா வெப்பமும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதுதான். மதியம் ஸ்கேனர் போட்டால் இது தெரியவே தெரியாது.

பிளக் சரி, டீசல் சரி, பேட்டரி சரி, இருந்தும் வெள்ளைப் புகைதான் என்றால் கம்ப்ரஷன் சந்தேகம். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், 'புஸ் புஸ்' என்று புகை தள்ளினால், ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால், ரிங் தேய்ந்திருக்கிறது. உறுதி செய்ய கேஜ் வைத்து அளக்க வேண்டும். நல்ல டீசல் இன்ஜினில் 25 முதல் 30 பார் வரை காட்டும். போர் வேலை பெரிய செலவு. கேஜ் வைக்காமல் யார் சொன்னாலும் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். புகையில் இனிப்பு வாடை அடித்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் அது வேறு கதை, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

டீசலே உறைந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் திரளும் என்பது உண்மைதான். லடாக்குக்காக -33 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் தனியாகக் கொண்டுவந்தது. நீலகிரிக் குளிர் அந்த அளவுக்குப் போவதில்லை. மெழுகு அடைத்தால் அறிகுறியும் வேறு: வண்டி ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரம் போய், ஃபில்டர் அடைத்து நிற்கும்.

காகிதத்தைக் கொளுத்தி ஏர் ஃபில்டர் வாயில் காட்டுவது, டீசல் பம்ப் மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவது, ஸ்ப்ரே அடிப்பது, இந்த மலை வைத்தியங்களை நானும் பார்த்திருக்கிறேன். சில நாள் பலிக்கும். சில்லிட்ட பம்ப்பில் கொதிநீர் பட்டால் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஹீட்டர் பிளக் கனலும் இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது சின்ன வெடி வைப்பதற்குச் சமம், ரிங்கும் பிஸ்டனும் உடைந்ததுண்டு. அதைவிட, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடித்து, அரை நிமிடம் விட்டு மறுபடி அடியுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலின் பாரமாவது செல்ஃப் மோட்டாருக்குக் குறையும்.

பார்த்ததையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: வேகமாகச் சுற்றியதா, புகை வந்ததா, என்ன நிறம், ஹேண்ட் பம்ப் அடித்ததும் பிடித்ததா, எந்தப் பக்கம் பார்த்து நின்றது. சீட்டோடு வண்டியைப் பகலில் கொண்டுபோகாமல், முந்தின நாள் சாயங்காலமே ஊட்டியிலோ குன்னூரிலோ இருக்கும் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இரவு முழுக்க வெளியில் நிற்கட்டும். காலையில் முதல் செல்ஃபை அவர் அடிக்கட்டும்.